ஆல்டர் மரப் பேரினம்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆல்டர் என்பது ஈரமண்ணில் செழித்து வளரும் இலையுதிர் மரங்களைக் கொண்ட ஒரு பேரினம். இதன் அறிவியல் பெயர் ஆல்னசு. பெட்டுலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. பண்டைக்காலத்தில் ஓலைக்கு மாற்றாக எழுதப் பயன்பட்ட பூர்ஜபத்திரம் என்னும் பட்டையைத் தரும் இமயமலை மரமும் இதே குடும்பம்தான். பெயரில் உள்ள ஒலி ஒற்றுமையைக் கொண்டு நம் ஆலமரத்தோடு இதைத் தொடர்புபடுத்தக் கூடாது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

இப்பேரினத்தில் ஏறத்தாழ 35 இனங்கள் உள்ளன. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஆற்றங்கரைகளும் சதுப்புகளும் மலைச்சரிவுகளுமே இவற்றின் தாயகம். ஓரிரு இனங்கள் தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடர் வரை இறங்கியுள்ளன. ஐரோப்பாவின் கருப்பு ஆல்டர், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் சிவப்பு ஆல்டர், இமயமலையின் நேபாள ஆல்டர் ஆகிய மூன்றும் மனித வரலாற்றில் அதிகம் இடம்பெற்றவை. 1753இல் லின்னேயசு இம்மரத்தைப் பூர்ஜ மரத்தின் பேரினத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தோட்டக்கலை அறிஞர் பிலிப் மில்லர் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். இன்றுவரை அதுவே நிலைத்துள்ளது.

ஆல்டரை அடையாளம் காண்பது எளிது. ஊசியிலை மரங்களைப் போலவே இதிலும் சிறு கூம்புகள் தொங்கும். ஆனால் இது அகன்ற இலை மரம். பெண் பூங்கொத்து காய்ந்து மரத்தன்மை அடைந்து கூம்பாகிறது. இலையுதிர் காலத்தில் சுற்றியுள்ள மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறும்போது, ஆல்டரின் இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே உதிர்கின்றன. மற்ற மரங்கள் இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள சத்தை உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும். ஆல்டர் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. அதன் காரணம் வேரில் இருக்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

== சட்டத்தில் சாமானியன், கதையில் பேய் ==

மரங்களுக்குச் சாதி வகுத்த ஒரு சட்டம் பழைய அயர்லாந்தில் இருந்தது. கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட அண்டை அயலார் உறவு குறித்த சட்டநூலில், மரங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன: காட்டின் பிரபுக்கள், காட்டின் சாமானியர், அவர்களுக்குக் கீழ்ப்பட்டோர், கடைசியாகப் புதர்கள். ஓக், ஆப்பிள் போன்றவை பிரபுக்கள். ஆல்டர் சாமானியர் வரிசையில் வைக்கப்பட்டது. பிறருடைய நிலத்தில் ஒரு மரத்தை வெட்டினால் கட்ட வேண்டிய தண்டம் அந்த மரத்தின் தகுதியைப் பொறுத்தது. ஓக்குக்குத் தண்டம் அதிகம், ஆல்டருக்குக் குறைவு. மரத்தின் தகுதியை நிர்ணயித்தவர்கள் அதன் பயனைப் பார்த்துத்தான் நிர்ணயித்தார்கள் என்றாலும், ஆல்டரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தவறு என்றே பிற்கால வரலாறு காட்டுகிறது.

மக்கள் மனத்திலும் இம்மரத்துக்கு நல்ல பெயர் இல்லை. புதிதாக வெட்டிய ஆல்டர் மரம் வெளிறிய நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டதும் சிறிது நேரத்தில் வெட்டுவாய் செம்மஞ்சளாக மாறிவிடும். மரம் இரத்தம் சிந்துகிறது என்று அஞ்சினர். அது வளரும் இடமும் அந்த அச்சத்தைக் கூட்டியது. கால் வைத்தால் புதையும் சேறு, மூடுபனி, சூரிய ஒளி நுழையாத அடர்த்தி என்று எல்லாமே சதுப்புநிலக் காட்டின் இயல்புகள்.

செருமானியக் கவிஞர் கோத்தே 1782இல் எழுதிய ‘எர்ல்கோனிக்’ என்ற கதைப்பாடலின் தலைப்புக்கு நேர்ப்பொருள் ஆல்டர்களின் அரசன் என்பது. இரவில் குதிரையில் தந்தையோடு செல்லும் சிறுவனைக் கவர்ந்துகொள்ளும் மாய உருவம் அது. 1815இல் சூபர்ட் இதற்கு இசையமைத்தபின் உலகெங்கும் புகழ்பெற்றது. சுவையான செய்தி என்னவென்றால், இந்தப் பெயரே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து பிறந்தது. தேனியக் கதைப்பாடல் ஒன்றை மொழிபெயர்த்த எர்டர், வனதேவதைகளின் அரசன் என்று பொருள்படும் சொல்லை ஆல்டர்களின் அரசன் என்று ஆக்கிவிட்டார். சேற்றில் நின்ற அந்தக் கரிய மரத்துக்கும் பேய்க்கும் தொடர்பு இருப்பதில் அக்கால வாசகர் யாரும் வியப்படையவில்லை போலும். பிழை அப்படியே நிலைத்துவிட்டது.

== நீருக்கு அடியில் ==

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1970இல் கரிமண் வெட்டும்போது ஒரு பழைய மரப்பாதை தென்பட்டது. கண்டுபிடித்தவர் ரே சுவீட். அவர் பெயரால் அது சுவீட் தடம் எனப்படுகிறது. சதுப்பின் குறுக்கே சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட நடைபாதை இது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, கி.மு. 3807ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கும் 3806ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் இதற்கான மரங்கள் வெட்டப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மேலே பலகைகள் பெரும்பாலும் ஓக். அவற்றைத் தாங்க, சேற்றில் பெருக்கல்குறி வடிவில் குத்திய கழிகளில் ஆல்டரும் இருந்தது. நடந்தவர் கண்ணில் பட்டது ஓக், சேற்றில் நின்று பாரத்தைச் சுமந்தவற்றுள் ஒன்று ஆல்டர். இந்த வேலைப் பங்கீடு பின்னரும் பல இடங்களில் காணப்படுகிறது.

இசுகாட்லாந்தின் ஏரிகளில் ‘கிரானாக்’ எனப்படும் நீர்மேல் வீடுகள் இருந்தன. ஏரித்தரையில் மரக்கால்களை அடித்து, அவற்றின்மேல் மேடை போட்டு, வட்ட வீடு கட்டுவார்கள். டே ஏரியில் உள்ள ஓக்பேங்க் கிரானாக்கை நீருக்கடியில் அகழ்ந்தபோது, சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் அடித்த ஆல்டர் கால்கள் கிடைத்தன. சிலவற்றில் கோடரி வெட்டின் தடம் கூட மறையவில்லை.

உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியசு கி.மு. முதல் நூற்றாண்டில் இதை வெளிப்படையாக எழுதிவைத்தார். ஆல்டர் கட்டடத்துக்கு உதவாத மரமாகத் தோன்றும். ஆனால் சதுப்பு நிலத்தில் நெருக்கமாக அடித்து அடித்தளம் அமைத்தால், நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அழியாமல் பெரும் பாரத்தைத் தாங்கும் என்பது அவர் கூற்றின் சாரம். இதற்கு அவர் காட்டிய சான்று இரவென்னா நகரம். அங்கே பொதுக் கட்டடம், தனியார் வீடு எதுவானாலும் அதன் அடியில் ஆல்டர் முளைகளே இருந்தன என்கிறார். இன்று கட்டடத் தொழிலாளர் ‘பைல்’ என்று சொல்லும் அதே முறைதான். இன்றைய பைல் இரும்புக்கம்பியும் கான்கிரீட்டும், அன்றையது மரம்.

இரவென்னாவுக்கு வடக்கே, அதே கடற்கரையில்தான் வெனிசு நகரம் எழுந்தது. உப்பங்கழியின் சேற்றில் மரமுளைகளை நெருக்கி அடித்து, அவற்றின்மேல் பலகையும் கல்லும் பரப்பிக் கட்டிய நகரம் அது. முளைகளின் நீளம் 1 மீட்டருக்கும் குறைவானது முதல் சுமார் 3.5 மீட்டர் வரை இருந்தது. அடியில் உள்ள பாறையைத் தொடும் அளவுக்கு அவை நீளமானவை அல்ல. முளைக்கும் சேற்றுக்கும் இடையிலான உராய்வே கட்டடத்தைத் தாங்குகிறது. ‘பட்டிபாலி’ எனப்பட்ட முளையடிப்போர் தாளம் தவறாமல் சம்மட்டியை இறக்குவதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தனர். ஏற்றப்பாட்டை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓக், லார்ச்சு, பைன், எல்ம் என்று பல மரங்கள் இதற்குப் பயன்பட்டன. ஆல்டரும் அவற்றுள் ஒன்று. ஓக் மரத்துக்குக் கப்பல் கட்டும் தளத்தில் பெரும் தேவை இருந்தது. 1471இல் மோன்டெல்லோ காட்டின் ஓக் மரங்களைக் கப்பற்படைக்கென்றே வெனிசுக் குடியரசு ஒதுக்கிவைத்தது. ஓக் கடலுக்குப் போய்ப் புகழ் பெற்றது. ஆல்டர் சேற்றுக்குள் இறங்கி மறைந்தது.

காற்றில் விட்டால் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும் மரம், நீருக்கடியில் எப்படி நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிறது? மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு உயிர்வளி வேண்டும். நீர் நிறைந்த சேற்றில் அது இல்லை. அதனால் பூஞ்சை வாழாது. உயிர்வளி இல்லாமலும் வாழும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக அரிக்கின்றன. அவை அரித்த உயிரணுக்களுக்குள் நீர் புகுந்து நிரப்புவதால் கட்டை தன் வடிவை இழப்பதில்லை. ஆகவே மரம் முழுமையாக அழியாமல் இருக்கிறது என்பதைவிட, மரமும் சேறும் நீரும் சேர்ந்து நகரத்தைத் தாங்குகின்றன என்பதே சரி. ஆயினும் இது என்றென்றைக்குமான ஏற்பாடு அல்ல. ஆல்டர் முளைகளின்மேல் நிற்கும் வெனிசின் பிராரி தேவாலய மணிக்கோபுரம், கட்டிய நாள்முதல் சுமார் 60 செ.மீ. அமிழ்ந்துள்ளது. நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. என்ற கணக்கு.

== கரியும் செருப்பும் ==

வெடிமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். இந்த மரக்கரி எந்த மரத்திலிருந்து வந்தது என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் பாயும் என்பதை அது தீர்மானித்தது. வன்மரக் கரி மெதுவாக எரியும். ஆல்டர், வில்லோ போன்ற மென்மரங்களின் கரி நுண்துளை நிறைந்தது, எளிதில் பொடியாகும், சீராகவும் வேகமாகவும் எரியும். ஆகவே வெடிமருந்து ஆலைகள் இருந்த ஆற்றங்கரைகளிலேயே ஆல்டரை வளர்த்தனர்.

இலண்டனுக்கு வடக்கே உள்ள வால்தம் ஆபே ஆலையைப் பிரித்தானிய அரசு 1787இல் வாங்கியது. 1790களில் மரத்தைக் குழியில் மூடி எரிக்கும் பழைய முறையை விட்டு, இரும்பு உருளைக்குள் அடைத்துச் சூடாக்கிக் கரியாக்கும் முறை வந்தது. கரியின் தரம் சீரானது, வெடிமருந்தின் வேகமும் கூடியது. மூன்று பொருள்களில் முக்கால் பங்கான வெடியுப்பு இந்தியாவிலிருந்து போனது. பீகாரிலும் வங்காளத்திலும் எடுத்த உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றியது. 1693ஆம் ஆண்டுப் பட்டயப்படி ஆண்டுதோறும் 500 டன் வெடியுப்பை அரசுக்கு வழங்கக் கம்பெனி கடமைப்பட்டிருந்தது. இந்திய மண்ணின் உப்பும் ஆங்கிலேயச் சதுப்பின் ஆல்டர் கரியும் சேர்ந்தே அப்பேரரசின் பீரங்கிகளுக்குத் தீனியாயின. புகையில்லா வெடிமருந்து வந்தபின் இந்தத் தேவை குறைந்தது. வால்தம் ஆபேயின் ஆல்டர் தோப்பு இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. அதன் மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

ஆலைத் தொழில் பெருகிய இலங்காசயர் பகுதியில் ஆல்டருக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. பருத்தி ஆலைகளின் ஈரத்தரையில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளர், அடியில் மரமும் மேலே தோலும் வைத்துத் தைத்த செருப்புகளை அணிந்தனர். அடிக்கட்டைக்கு ஆல்டரே விருப்பமான மரம். எடை குறைவு, எளிதில் பிளவாது, ஈரத்தைத் தாங்கும், பச்சையாக இருக்கும்போதே செதுக்கலாம். செருப்புக்கட்டை வெட்டுவோர் கோடைகாலத்தில் தோப்புகளிலேயே தங்கி, மரத்தை வெட்டி, நீண்ட கத்தியால் தோராயமாகச் செதுக்கி, காய வைப்பதற்காகக் கூம்பாக அடுக்கி, பிறகு நகரங்களுக்கு அனுப்பினர். வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்துச் சில ஆண்டுகளில் அடுத்த அறுவடைக்குத் தயாராகும்.

== வேரில் இருந்த புதிர் ==

ஆல்டரின் வேரைத் தோண்டிப் பார்த்தால் பவளம் போன்ற முடிச்சுகள் கொத்துக்கொத்தாக இருக்கும். 1866இல் உருசிய அறிஞர் மிகயீல் வொரோனின் இவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உள்ளே ஓர் உயிரி இருப்பதைக் கண்டார். 1886இல் நார்வே நாட்டு ஆய்வாளர் புருன்கோர்சுட்டு, தம் ஆசிரியர் ஆல்பர்ட் பெர்ன்ஆர்டு பிராங்கின் நினைவாக அதற்குப் பிராங்கியா என்று பெயரிட்டார். நீண்ட காலம் அதைப் பூஞ்சை என்றே கருதினர். இழை இழையாக வளர்ந்ததால் வந்த குழப்பம் அது. உண்மையில் அது ஒருவகைப் பாக்டீரியா. வேருக்கு வெளியே தனியாக வளர்க்கும் முயற்சி 1978இல்தான் வெற்றி பெற்றது. அதுவும் ஆல்டரிலிருந்து அல்ல, வேறொரு செடியின் முடிச்சிலிருந்து.

பிராங்கியா செய்யும் வேலை, அவரை, துவரை, நிலக்கடலை ஆகியவற்றின் வேரில் இரைசோபியம் செய்யும் அதே வேலை. காற்றிலுள்ள நைட்ரசனைச் செடி உண்ணக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறது. உழவர் மொழியில் சொன்னால் தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சிவப்பு ஆல்டர் தோப்புகள் ஆண்டுக்கு எக்டேருக்கு 100 கிலோவுக்கு மேலும் நைட்ரசனைச் சேர்ப்பதுண்டு. இலைகள் பச்சையாக உதிர்வதன் காரணம் இப்போது விளங்கும். வீட்டிலேயே ஊற்று இருப்பவன் குடத்தில் மிஞ்சிய தண்ணீரைச் சேமிக்க மாட்டான்.

தமிழ்நாட்டு மாணவர்கள் இந்த முடிச்சைக் காண ஐரோப்பா போக வேண்டியதில்லை. கடலோர மணலில் நிற்கும் சவுக்கு மரத்தின் வேரிலும் பிராங்கியா வகைப் பாக்டீரியாவே வாழ்கிறது. சவுக்கும் ஆல்டரும் வேறு வேறு குடும்பம். ஆயினும் இரண்டிலும் சிறு கூம்புகள் உண்டு, இரண்டும் சத்தற்ற மண்ணில் வளரும், இரண்டின் வேரிலும் ஒரே வேலைக்காரன்.

ஆல்டருக்கு ஏன் சேறு பிடித்தது என்பதும் இதனோடு சேர்ந்தது. நீர் தேங்கிய மண்ணில் உயிர்வளியும் இல்லை, பயன்படும் தழைச்சத்தும் குறைவு. மற்ற மரங்கள் தவிக்கும் இடம். ஆல்டரோ தண்டின் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை உள்வாங்கி வேர்வரை அனுப்புகிறது. சத்தைப் பிராங்கியா தருகிறது. போட்டியில்லாத இடத்தில் குடியேறும் உரிமை அதற்குக் கிடைத்தது.

இதன் விளைவைக் கண்ணெதிரே காட்டிய இடம் அலாசுகாவின் கிளேசியர் விரிகுடா. 1794இல் கேப்டன் வான்கூவரின் குழுவினர் கண்டபோது அங்கே பெரும்பகுதி பனிச்சுவர்தான். அடுத்த நூற்றாண்டில் பனி வேகமாகப் பின்வாங்கியது. 1916இல் வில்லியம் கூப்பர் என்ற சூழலியலாளர் அங்கே நிலக்கட்டங்களை அளந்து குறித்து, வெற்றுக் கற்பொடி மண்ணில் எந்தெந்தச் செடி எப்போது வருகிறது என்று பதியத் தொடங்கினார். ஆல்டர் புதர்கள் பரவிய இடத்தில் மண்ணில் நைட்ரசன் மளமளவென்று ஏறியது. பின்னர் அதே மண்ணில் தளிர்விட்ட ஊசியிலை மரங்கள் உயர்ந்து, ஆல்டரை நிழலில் மூடிவிட்டன. நிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் ஒருவன், குடியிருந்தவன் வேறொருவன்.

== கோனோமா ==

அறிவியல் இதை விளக்கும் முன்பே நடைமுறையில் அறிந்திருந்த ஊர் ஒன்று இந்தியாவில் உள்ளது. நாகாலாந்துத் தலைநகர் கோகிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் அமைந்த கோனோமா. அங்காமி நாகர்களின் ஊர். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஊர் என்றே வரலாற்று நூல்கள் இதை நினைவில் வைத்துள்ளன. 1879 அக்டோபரில் ஆங்கிலேய அதிகாரி டமன்ட் இங்கே கொல்லப்பட்டார். நவம்பரில் படை வந்து ஊரைத் தாக்கியது. 1880இல் போர் முடிந்தபின் ஊரார் சிதறடிக்கப்பட்டு, அவர்களின் படிக்கட்டு வயல்களும் பறிக்கப்பட்டன. மக்கள் பின்னர் திரும்பி வந்து ஊரை மீண்டும் எழுப்பினர்.

வடகிழக்கு மலைகளில் ‘சூம்’ எனப்படும் வேளாண்முறை உண்டு. காட்டை வெட்டி எரித்து, சாம்பல் பரவிய மண்ணில் ஓரிரு ஆண்டு பயிரிட்டு, பிறகு வேறிடம் செல்வார்கள். பழைய இடத்தில் காடு வளர விடுவார்கள். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனமும் இலங்கையின் சேனைப் பயிர்ச்செய்கையும் இதன் உறவினர்களே. காடு மீண்டும் வளரப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி கிடைத்தவரை இம்முறையால் பெரிய கேடில்லை. மக்கள்தொகை கூடி, நிலம் சுருங்கி, இடைவெளி நாலைந்து ஆண்டாகக் குறைந்தபோது மண் சத்திழந்தது, சரிவுகளில் அரிப்பு மிகுந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டே அதிகாரிகள் இம்முறையைப் பழமைவாதம் என்றும் காட்டழிப்பு என்றும் கண்டித்து வந்தனர்.

கோனோமா மக்கள் அந்த இடைவெளியை வேறுவிதமாகக் கையாண்டனர். அவர்கள் சூம் நிலத்தில் நேபாள ஆல்டர் நிற்கிறது. நேபாளி மொழியில் இதற்கு உத்தீசு என்று பெயர். நட்ட மரம் ஆறு முதல் பத்து வயதானதும், அடியோடு வெட்டாமல் தரையிலிருந்து 1 முதல் 2 மீட்டர் உயரத்தில் தலையை வெட்டுவார்கள். வெட்டுவாய் காய்ந்து பிளக்காமலிருக்க அதன்மேல் சேறு பூசி, தட்டைக்கல்லை வைப்பதும் உண்டு. தடித்த கிளைகள் விறகுக்கு. இலையும் சுள்ளியும் நிலத்திலேயே எரிந்து சாம்பலாகும். பிறகு இரண்டு ஆண்டு பயிர்: தினை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய். அந்தக் காலத்தில் மரத்தின் துளிர்களைக் கட்டுக்குள் வைப்பார்கள். அதன்பின் இரண்டு முதல் நான்கு ஆண்டு நிலத்தைச் சும்மா விடுவார்கள். துளிர்கள் கிளைகளாகும், உதிர்ந்த இலைகள் மண்ணை ஊட்டும், வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கும். பிறகு மீண்டும் கவாத்து, மீண்டும் பயிர்.

இங்கே முக்கியமானது வேர் சாவதில்லை என்பது. ஒவ்வொரு சுற்றிலும் தலை மட்டுமே போகிறது. சரிவைப் பிடித்திருக்கும் வேர் அப்படியே இருக்கிறது. நூற்றாண்டுகளைக் கடந்தவை என்று ஊரார் சொல்லும் மரங்கள், திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டுத் தடித்து முண்டும் முடிச்சுமாக அங்கே நிற்கின்றன. பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு தேவைப்பட்ட இடைவெளியை நாலு ஆண்டுக்குள் முடித்துக் காட்டியவை அவை.

பிராங்கியாவுக்கு 1886இல் பெயர் வைத்தபோது, அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் வயல் பறிக்கப்பட்டுச் சிதறிய ஒரு மலையூர் அதை நடைமுறையில் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. சூம் முறையை ஒட்டுமொத்தமாகக் கண்டித்த அறிக்கைகள் இதைப் பிரித்துப் பார்க்காதது பெருங்குறை. 1990களின் நடுவில் கனடாவின் உதவியோடு நாகாலாந்தில் தொடங்கிய நெபெட் திட்டம், சூமை ஒழிப்பதற்குப் பதிலாகச் சூம் நிலத்துக்குள்ளேயே மரங்களை வளர்க்கும் வழியை மேற்கொண்டது. அரசு அலுவலர்கள் உழவரிடம் பாடம் கேட்கப் போன நல்ல எடுத்துக்காட்டு அது.

சிக்கிமிலும் டார்சிலிங்கிலும் இதே மரம் வேறொரு பயிரைக் காக்கிறது. பிரியாணியில் போடும் கறுத்த பெரிய ஏலக்காய் நிழலில் வளர்வது. உத்தீசு மரத்தின் கீழ் அதை நடுகிறார்கள். நிழலும் உரமும் ஒரே மரத்திலிருந்து கிடைக்கின்றன, முதிர்ந்த மரம் ஏலக்காயை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகிறது.

== களையும் நோயும் ==

வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகள் சிவப்பு ஆல்டரின் பட்டையிலிருந்து செஞ்சாயம் எடுத்தனர், அதன் விறகில் சால்மன் மீனைப் புகையூட்டினர். பின்னர் வந்த மரத்தொழில் அதைக் களையாகவே கருதியது. விலையுயர்ந்த டக்ளசு பிர் கன்றுகளை நிழலால் அமுக்கிவிடுகிறது என்று களைக்கொல்லி தெளித்து அழித்தனர். 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அறைகலன் தொழிலில் அதே மரத்துக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியது. 1956இல் பெண்டர் நிறுவனம் தன் இசுட்ராட்டோகாசுடர் மின்கித்தாரின் உடலை ஆல்டரில் செய்யத் தொடங்கியதும் இந்த மதிப்பேற்றத்தின் ஒரு பகுதி.

ஐரோப்பாவில் நிலைமை தலைகீழாக உள்ளது. 1993இல் தெற்கு இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் ஆல்டர் மரங்கள் அடிப்பட்டையில் தார் போன்ற நீர் கசிந்து பட்டுப்போவது கவனிக்கப்பட்டது. காரணம் பைட்டோப்தோரா பேரினத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரி. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்ததும் இதே பேரினத்தின் இன்னோர் இனம். ஆல்டரைத் தாக்குவது இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம். நாற்றங்கால்களில் கலந்து, கன்றுகளோடு பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நீரில் நீந்தும் வித்துகள் மூலம் பரவுவதால், ஆற்றோடு வாழும் மரத்துக்கு ஆறே நோயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பிரான்சு, செருமனி உள்ளிட்ட பல நாடுகளுக்கும் அது பரவியது.

ஆற்றங்கரை ஆல்டர் பட்டுப்போனால் மரம் மட்டும் போவதில்லை. கரையைப் பிடித்திருந்த வேர் தளர்ந்து மண் சரிகிறது. நிழலில்லாமல் நீர் சூடாகிறது. பச்சையாக விழுந்த சத்துள்ள இலையைத் தின்று வாழ்ந்த நீர்ப்பூச்சிகளுக்கும், அவற்றைத் தின்ற மீன்களுக்கும் உணவு குறைகிறது. இதற்கு மருந்து இல்லை. நோய் தாக்கியும் சாகாமல் நிற்கும் மரங்களைத் தேர்ந்து விதையெடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நோயுற்ற மரத்தைத் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால், அடியிலிருந்து வரும் புதுத்துளிர் சில இடங்களில் நோயின்றி வளர்வதும் காணப்படுகிறது. பல ஆற்றங்கரைகளில் இப்போது அப்படித்தான் வெட்டிவிடுகிறார்கள்.